பாம்புக்கடிக்கு எந்த நாட்டில் என்ன விலை?

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில், சருகு மூடிய செடியடியில் கை வைக்கிற எவருக்கும் விரியன் பயம் உண்டு. கடிபட்டவர் ஏற்காட்டிலிருந்து 108 ஆம்புலன்சில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தால், வண்டிக்கும் மருந்துக்கும் அவரிடம் யாரும் பணம் கேட்பதில்லை.

அங்கே முதலில் நடக்கும் சோதனை மிக எளியது. கடிபட்டவரின் இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் நிறுத்தி வைத்துப் பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் வழிந்தால் விரியனின் விஷம் உடம்பில் ஏறிவிட்டது என்று பொருள். (குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் பார்த்தால் முடிவு பிசகும்.) அதன்பின் வழக்கமாகப் பத்துக் குப்பி விஷமுறிவு மருந்தில் தொடங்குகிறார்கள். இந்த மருந்தைத் தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தில் பெரும்பகுதியை, 1978 இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னையை அடுத்த வடநெம்மேலியிலிருந்து தருகிறது. கடையில் வாங்கினாலும் ஒரு குப்பிக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

அமெரிக்காவில் இதே அவசரத்துக்கு ஆகும் செலவைக் கேட்டால் நம்புவது கடினம். அங்கே பாம்புக்கடி மருந்தின் ஒரு குப்பியே ஆயிரக்கணக்கான டாலர் விலை போகிறது. அந்த விலை எப்படி உருவாகிறது என்பதை, தேள் கடிக்கான ஒரு மருந்தை வைத்து லெஸ்லி போயர் என்ற மருத்துவர் 2015 இல் கணக்கிட்டுக் காட்டினார். மெக்சிகோவில் தயாராகி, அங்கே ஏறத்தாழ நூறு டாலருக்குக் கிடைக்கும் அந்தக் குப்பி, எல்லை தாண்டி அரிசோனா மருத்துவமனையின் ரசீதில் ஏறும்போது 14,624 டாலராகிவிடுகிறது. அதில் மருந்தைத் தயாரிக்கும் செலவு ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், மருத்துவமனை ஏற்றிய விலையும் அது சார்ந்த கட்டணங்களும் எழுபது விழுக்காட்டைத் தொடுகின்றன. உயிருக்குப் போராடுகிறவர் பேரம் பேச முடியாது என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. அவசர நோயாளியைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என 1986 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் அது சிகிச்சைக்குத்தான் உறுதி தருகிறது, பின்னால் வரும் பில்லைத் தடுப்பதில்லை. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பெற்றோர், பயணக் காப்பீட்டை வெறும் காகிதமாக மட்டும் நினைக்காமல், அதில் ஆம்புலன்சும் அவசரப் பிரிவும் அடங்குகின்றனவா என்று படித்துப் பார்ப்பது நல்லது.

பிரிட்டனில் சுற்றுலா சென்றவருக்கும் அவசரப் பிரிவில் கட்டணம் இல்லை. ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால், வெளிநாட்டவரிடம் வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு வாங்குகிறார்கள்.

நம்மிடமும் எல்லாக் கதவும் ஒன்றுபோல் திறப்பதில்லை. அவசரத்தில் வருபவரைக் காப்பாற்றுவது எந்த மருத்துவருக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989 இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அப்படியிருந்தும், எங்கள் உறவினர் ஒருவரைப் பாம்பு கடித்தபோது அருகில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முன்பணம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதே அங்கே கேட்ட முதல் கேள்வி. வெண்டிலேட்டர் தேவைப்பட்டால் நாள் கணக்கில் செலவு ஏறும் என்றும் சொன்னார்கள். அதே வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், பிழைத்துக்கொண்டார்.

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்தது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று அதில் பார்ப்பதில்லை. பாம்புக்கடி அதில் சேரவில்லை. 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அரசு அறிவித்ததால், எந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்குக் கடி என்ற கணக்கு இனி தனியார் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தாக வேண்டும். அந்தக் கணக்கை வைத்துச் செலவை மதிப்பிட்டு, 48 மணி நேரத் திட்டத்தைப் பாம்புக்கடிக்கும் நீட்டலாம். தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கு அதுதான் உடனடித் தேவை என்று நினைக்கிறேன்.