காருக்கு அடியில் ஒரு தகடு

காரின் அடிப்பக்கத்தைக் காக்கும் தகடான ஸ்கிட் பிளேட் போட வருகிறவர் முதலில் கேட்பது, “அண்ணே, எத்தனை மில்லி தகடு போடுவீங்க?” என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் காக்கி புக்கிட், சின் மிங் பக்கத்துப் பட்டறைகளில் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கும் சொந்தத் தயாரிப்புத் தகடுகளைத் திருப்பிப் பார்த்தால், கனம் போதாமல் வீணானவை குறைவு. முன்விளிம்பைச் சரியாக மடிக்காததும், பிடிக்கக் கூடாத இடத்தில் போல்ட் போட்டதும், சூடு வெளியேற வழி விடாததும்தான் அதிகம். தகட்டின் வேலை அடியை வாங்கிக்கொண்டு நிற்பது அல்ல. கல்லின்மேல் வழுக்கி வண்டியைக் கடத்திவிடுவது. செய்கிற ஒவ்வொரு முடிவும் இதிலிருந்துதான் வர வேண்டும்.

சிங்கப்பூரின் வழவழப்பான சாலைகளில் இது எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. பலமாடி கார் நிறுத்துமிடத்தில் சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் அந்த விளிம்பு போதும், தாழ்வான வண்டியின் அடியை உரச. உட்லண்ட்ஸ் கடற்பாலம் தாண்டி ஜொகூரின் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைக்கோ, கேமரன் மலையின் உட்பாதைக்கோ போகிறவர்களுக்குத் தேவை இன்னும் அதிகம். கம்பெனி கொடுக்கும் பிளாஸ்டிக் மூடி காற்றோட்டத்துக்கும் சத்தம் குறையவும் போடப்பட்டது. ஒரு கல் பட்டாலே கிளிப் உடைந்து, நெடுஞ்சாலையில் தொங்கி இழுபடும். அதற்குமேல் இருக்கும் ஆயில் சம்ப், அதாவது என்ஜின் ஆயில் தேங்கும் தொட்டி, பல வண்டிகளில் வார்ப்பு அலுமினியம். அது நெளியாது, விரிசல் விட்டுவிடும். ஆயில் கொட்டியது தெரியாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் என்ஜினே போய்விடும்.

சரி, தகடு. 5052 ரக அலுமினியம் இந்த வேலைக்கு ஏற்றது. 6061-டி6 அதைவிட வலுவானதுதான். ஆனால் அதே வலுவினால் குறுகலாக மடித்தால் மடிப்பின் வெளிப்புறத்தில் மயிரிழை விரிசல் விழும். பெயின்ட் அடித்தபின் அது கண்ணுக்குத் தெரியாது. 80 செ.மீ.க்கு 60 செ.மீ. அளவில் 4 மில்லி அலுமினியம் சுமார் 5.2 கிலோ வரும். அதே அளவில் 2 மில்லி இரும்புத் தகடு 7.5 கிலோ. எடை குறைந்தாலும் வளையாமல் நிற்பதில் அந்த அலுமினியம் இரும்பைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். காரணம், கனம் இரண்டு மடங்கானால் தகட்டின் விறைப்பு எட்டு மடங்காகிறது. 3 மில்லி இரும்பு போட்டால் விறைப்பு கிடைக்கும். ஆனால் 11 கிலோவுக்கு மேல் முன்பக்கம் தொங்கும், நம் ஊர் ஈரத்தில் கீறிய இடமெல்லாம் துரு பிடிக்கும். பாறைமேல் ஏறி இறங்கும் ஃபோர்வீல் டிரைவுக்கு இரும்பு சரி. சாதாரண செடானுக்கு வேண்டாம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலை கூடாது. பட்டறையில் லிஃப்ட் உள்ள இடம் பார்க்க வேண்டும். லிஃப்ட் இல்லையென்றால் நான்கு ஸ்டாண்ட், சக்கரத்துக்குக் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் நுழையக் கூடாது.

அளவெடுக்க டேப்பைவிட அட்டைதான் நல்லது. பழைய மூடியைக் கழற்றி, சப்ஃபிரேமில் (என்ஜினுக்கு அடியிலுள்ள கனமான சட்டம்) ஏற்கனவே உள்ள போல்ட்களின் தலையில் துளி கிரீஸ் தடவி, கெட்டியான அட்டையைக் கீழிருந்து வைத்து அழுத்தினால் ஒவ்வொரு போல்ட்டின் இடமும் வட்டமாகப் பதிந்துவிடும். அந்த வட்டத்தின் நடுவில்தான் துளை. எம்8, அதாவது 8 மில்லி தடிமன் போல்ட்டுக்கு 9 மில்லி துளை போதும். பின்பக்கத் துளைகளை மட்டும் நீளவாக்கில் 14 மில்லிக்கு இழுத்துக்கொண்டால், கையால் மடித்த தகட்டில் வரும் சிறு பிசகு அதில் அடங்கிவிடும். அட்டை அடியிலிருக்கும்போதே ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டும் அதைத் திருப்பும் டை ராடும் எங்கே வருகின்றன என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாக்கி வைக்கும் இடங்களைத் தகடு மூடக் கூடாது.

மடிப்பில்தான் வேலையே இருக்கிறது. முன்விளிம்பு 30 முதல் 45 டிகிரி வரை மேல்நோக்கி எழுந்து, பம்பரின் கீழ் உதட்டுக்குப் பின்னால் போய் ஒளிய வேண்டும். அங்கே விரல் நுழையும் இடைவெளி விட்டாலும் கல் அதில்தான் கொக்கி போடும். வழுக்க வேண்டிய தகடு அப்படியே பின்னால் உரிந்து வரும். மடிப்பின் உள்வளைவு 6 மில்லிக்குக் குறையாமல் இருக்கட்டும். தகட்டில் உருட்டிய கோடுகள் தெரியும். மடிப்பு அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே வர வேண்டும். கோட்டோடு மடித்தால் விரிசலுக்கு வாய்ப்பு கூடும். பக்க விளிம்புகளையும் 20 மில்லி மேலே மடித்தால் தகடு அதிராது. மழைநீர் தேங்காமலிருக்க மூலைகளில் 12 மில்லி துளை போட்டுவிட வேண்டும். இரண்டு துண்டாகச் செய்வதென்றால், முன்துண்டின் பின்விளிம்பு ஓட்டு வீட்டுக் கூரை ஓடுபோல அடுத்ததை வெளிப்பக்கமாக மூடி நிற்கட்டும்.

பிடிமானம் சப்ஃபிரேமில் மட்டும். ரேடியேட்டரைத் தாங்கும் மெல்லிய குறுக்குச் சட்டத்தில் பிடித்தால், முதல் அடியிலேயே சட்டம் நெளிந்து ரேடியேட்டரைத் தள்ளும். முன்பக்கம் வேறு இடம் கிடைக்காவிட்டால் சப்ஃபிரேமிலிருந்து 5 மில்லி இரும்பில் பிராக்கெட் நீட்டிக்கொள்ள வேண்டும். சேசிஸில் வெல்டிங்கும் புதுத் துளையும் வேண்டாம். அது வண்டியின் கட்டமைப்பைத் தொடும் வேலை, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்ற விதிகளைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. மொத்தம் ஆறு போல்ட் போதும்: முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு.

சத்தம் வராமலிருக்க ரப்பர் வாஷர் போடுவது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. ரப்பரை நெரித்து முடுக்கினால் சில வாரங்களில் அது அமுங்கி, போல்ட் தளர்ந்து, தகடு முன்னைவிட அதிகமாகக் கடகடக்கும். ரப்பரின் நடுவே சிறிய இரும்புக் குழாய்த் துண்டு போட்டு, போல்ட் அதன்மேல் இறுகும்படி செய்தால் இந்தத் தொல்லை இல்லை. 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்தால் போதும். ஸ்டெயின்லஸ் போல்ட் அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும். துத்தநாகம் பூசிய போல்ட்டும் நைலான் வாஷரும் நல்லது.

போல்ட் தலைகளை மறந்துவிடுகிறார்கள். உரசலில் முதலில் தேய்வது தலைதான். தேய்ந்து வழவழப்பான தலையை எந்த ஸ்பேனரும் பிடிக்காது. ஆயில் மாற்ற வரும் நாளில் கிரைண்டர் வைத்து அறுக்க வேண்டிவரும். 4 மில்லி தகட்டில் குழித்தலை போல்ட் முழுதாக இறங்காது, எம்8 தலையின் உயரமே ஏறக்குறைய 5 மில்லி. எனவே உருண்டைத் தலை ஆலன் போல்ட் போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் 6 மில்லி கனப் பட்டை ஒன்றை ரிவெட் அடித்துவிட்டால் கல் பட்டையில் ஏறிப் போய்விடும். ஆலன் சாவி நுழையும் குழியில் கிரீஸ் அடைத்து வைத்தால் மண் இறுகாது.

என்ஜின் ரப்பர் மவுன்டில் அசைகிறது, ஆகவே சம்புக்கும் தகட்டுக்கும் 20 முதல் 25 மில்லி இடைவெளி வேண்டும். அதற்காகத் தகட்டைச் சப்ஃபிரேமின் தாழ்ந்த புள்ளிக்குக் கீழே அதிகம் இறக்கினால் உரசாத இடமெல்லாம் உரசத் தொடங்கும். புகையைச் சுத்தம் செய்யும், நன்றாகச் சூடேறும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பக்கம் 50 மில்லியாவது விட வேண்டும். ரேடியேட்டர் வழியாக வந்த காற்று அடிப்பக்கமாகவும் வெளியேறுகிறது. அதை முழுக்க அடைத்தால் ஏர்கான் ஓடும் மதிய நெரிசலில் சூடு ஏறும். காற்றுத் துளைகளின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கட்டும். முன்பக்கம் திறந்தால் சேறு உள்ளே வாரப்படும், காற்றும் எதிர்த்துத் தள்ளும். தகடு போடுவதற்கு முன்பும் பின்பும், ஏர்கானோடு 20 நிமிடம் நிற்கவிட்டு வண்டியின் கணினியில் செருகிப் பார்க்கும் ஓபிடி கருவியில் கூலன்ட் சூட்டைப் பார்த்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

ஆயில் டிரெயின் போல்ட்டுக்கு நேராக 80 மில்லி வட்டம், ஃபில்டர் கீழே இருந்தால் அதற்கும் ஒன்று. ஓரங்களை ராவி மழுக்க வேண்டும். இந்த வசதி இருந்தாலும், ஆயில் மாற்றும்போதெல்லாம் தகட்டை முழுக்கக் கழற்றுவதுதான் என் பழக்கம். தகடு கசிவை ஒளித்துவிடும். தரையில் சொட்ட வேண்டியது தகட்டின்மேல் தேங்கி, எக்சாஸ்ட் சூட்டில் காயும். அது தீக்கு ஆபத்து. மூன்று வயதிலிருந்து பத்து வயதுவரை இரண்டு ஆண்டுக்கொரு முறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகும் வண்டி என்பதால், ஆறு போல்ட்டில் கழன்று வரும் தகடு அங்கேயும் உதவும்.

போட்டு 100 கிலோமீட்டர் ஓடியபின் ஆறையும் மறுபடி முடுக்க வேண்டும். ஜொகூர் போய் வந்தால் தண்ணீர் பாய்ச்சிச் செம்மண்ணைக் கழுவி, புதுக் கீறல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். முன்மடிப்புக்குப் பின்னால் தொடங்கினால் சரி. மடிப்பின் விளிம்பிலேயே வெட்டுப்போல விழுந்திருந்தால், அந்த விளிம்பை இன்னும் உள்ளே தள்ளி மடிக்கக் கழற்றிவிடுங்கள்.