மாஸ்கோவுக்குப் போன தெர்மாமீட்டர்

போன வாரம் பையனுக்குக் காய்ச்சல். வீட்டுத் தெர்மாமீட்டர் 99 என்றது, பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்தது 101 என்றது. எதை நம்புவது என்று முழித்துக்கொண்டிருந்த அந்த ராத்திரியில் எனக்கு ஞாபகம் வந்தது 1969-இல் மாஸ்கோவுக்குப் போன ஒரு தெர்மாமீட்டர்தான் (வீட்டில் சொல்லவில்லை, திட்டு விழுந்திருக்கும்).

அது எதை அளக்கப் போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சூரியனுக்குள் நடப்பது போல ஹைட்ரஜன் அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுப்பதுதான் அணுக்கரு இணைவு. அதற்கு ஹைட்ரஜனைக் கோடிக்கணக்கான டிகிரி சூடேற்றிப் பிளாஸ்மாவாக்கி (அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்துபோன வாயு), சுவரில் படாமல் காந்தப்புலத்தால் பிடித்துவைக்க வேண்டும். நேர்க்குழாயில் வைத்தால் இரண்டு முனையிலும் ஒழுகிவிடும், அதனால் மெதுவடை மாதிரி வளைத்தார்கள். வளைத்ததும் வேறு தொல்லை. ஓட்டைப் பக்கம் காந்தப்புலம் வலுவாகவும் வெளிப்பக்கம் வலு குறைந்தும் இருப்பதால் துகள்கள் மெல்ல நகர்ந்து சுவருக்கே போய்விடும். அதைத் தடுக்கக் காந்தக் கோடுகளை முறுக்கிவிட வேண்டும். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஸ்பிட்சர் என்ற இயற்பியலாளர் வெளியே இருக்கிற கம்பிச்சுருள்களை வைத்தே முறுக்கப் பார்த்தார், அது ஸ்டெல்லரேட்டர். ரஷ்யர்கள் பிளாஸ்மாவுக்குள்ளேயே மின்சாரத்தைப் பாய்ச்சி முறுக்கினார்கள், அது டோக்காமாக்.

1968-இல் நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில் ரஷ்யர்களின் இணைவு ஆராய்ச்சித் தலைவர் அர்ட்சிமோவிச், தங்கள் டி-3 டோக்காமாக் கருவியில் வெப்பம் ஒரு கோடி டிகிரியைத் தொட்டதாகச் சொன்னார். மேற்கே பலர் நம்பவில்லை. தறிகெட்டு ஓடும் கொஞ்சம் எலக்ட்ரான்கள் உங்கள் அளவீட்டை ஏமாற்றியிருக்கும் என்றார்கள். நியாயமான சந்தேகம்தான். பிரிட்டிஷ்காரர்களே 1958 ஜனவரியில் தங்கள் ஸீட்டா கருவியில் இணைவு நடந்துவிட்டது என்று தம்பட்டம் அடித்து, சில மாதத்திலேயே இல்லை என்று பின்வாங்கியவர்கள். சூடு கண்ட பூனை.

அர்ட்சிமோவிச் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பனிப்போர் நடக்கிற காலத்தில், அந்த பிரிட்டிஷ்காரர்களையே வந்து அளந்து பாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டார். பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகத்திலிருந்து பீக்காக், ராபின்சன் உள்ளிட்ட குழு டன் கணக்கில் சாமான்களோடு கிளம்பியது. தெர்மாமீட்டர் என்றேனே, அது ஒரு ரூபி லேசர். பிளாஸ்மாவுக்குள் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் மிக மிகச் சொற்பம் எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறும். எலக்ட்ரான் நம்மை நோக்கி வந்தால் அந்தச் சிவப்பு நீலப்பக்கம் நகரும், விலகிப் போனால் இன்னும் சிவக்கும். எவ்வளவு சூடோ அவ்வளவு அகலமாக நிறம் பரவும். பரவலின் அகலத்தை அளந்தால் வெப்பம் தெரிந்துவிடும், தறிகெட்ட நாலு எலக்ட்ரான்கள் ஏமாற்ற முடியாது.

அளந்தார்கள். ரஷ்யர்கள் சொன்னது சரி. 1969 நவம்பரிலேயே நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

அதற்கப்புறம் பிரின்ஸ்டன்காரர்கள் வீம்பு பிடிக்கவில்லை. தங்கள் பெரிய ஸ்டெல்லரேட்டரான மாடல் சி-யைப் பிரித்து, 1970-க்குள் அதையே டோக்காமாக்காக மாற்றிவிட்டார்கள். உலகமே டோக்காமாக் பக்கம் சாய்ந்தது. காந்திநகரில் 1989-இல் ஓடத் தொடங்கிய ஆதித்யாவும் டோக்காமாக்தான். ஓரங்கட்டப்பட்ட ஸ்டெல்லரேட்டர் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் 2015-இல் பெரிய அளவில் திரும்பி வந்தது, அது தனிப்பதிவுக்கான சமாசாரம்.

பையனுக்கு 101 தான், மூன்றாவதாக ஒன்று வாங்கிப் பார்த்தோம்.