புரூஃப் மேசையில் இரண்டு சபைகள்

பாளையங்கோட்டையில் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவனுக்கு இரண்டு சபைகளின் வேலையும் வந்தே தீரும். கத்தோலிக்க மறைமாவட்டமும் இங்கேதான், சி.எஸ்.ஐ. என்கிற புரொட்டஸ்டண்ட் சபையின் திருமண்டலமும் இங்கேதான். காலையில் ஆர்.சி. பிள்ளைகளின் மறைக்கல்வி நூல், மதியம் சி.எஸ்.ஐ. பிள்ளைகளின் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) பாடம். நான் இரண்டிலும் சேராதவன். அதனாலோ என்னவோ இரு தரப்பும் என்னிடம் மனம்விட்டுப் பேசுவார்கள்.

முதலில் கண்ணில் படுவது பத்துக் கட்டளைகள். ஒரு கோப்பிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டவே முடியாது. களவு செய்யாதே என்பது ஆர்.சி. நூலில் 7ஆவது, சி.எஸ்.ஐ. நூலில் 8ஆவது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் கட்டளைகளுக்கு வரிசை எண் கிடையாது. எண்ணியவர்கள் பின்னால் வந்தவர்கள். கத்தோலிக்கர், பழங்கால ஆயர் அகுஸ்தீனாரின் வழியில், உருவங்கள் பற்றிய வரியை முதல் கட்டளைக்குள் அடக்கிவிட்டு, பிறன் மனைவி, பிறர் உடைமை என்று கடைசியை இரண்டாக்குகிறார்கள். சி.எஸ்.ஐ.யில் உருவம் தனியாக 2ஆவது கட்டளை. "சுரூபம் வச்சிருக்கிறதால அதை முழுங்கிட்டாங்க" என்றார் ஒரு போதகர் ஐயா. புரொட்டஸ்டண்ட் பிரிவுக்கு வித்திட்ட லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்கிற வேதபாட நூலிலும் கத்தோலிக்க எண்ணிக்கைதானே என்றேன். "லூத்தரன் விஷயம் வேற" என்று முடித்துக்கொண்டார்.

எனக்குச் சுவாரசியம், புரூஃப் திரும்பி வரும் விதத்தில்தான். மறைக்கல்வி நூலைப் பங்குத்தந்தை பார்த்து முடித்தாலும் அச்சேறாது. ஆயரின் அனுமதி வர வேண்டும்; திருச்சபைச் சட்டம் 827 அப்படிச் சொல்கிறது. அதற்குக் காத்திருக்கும் நாட்களில் எங்கள் முதலாளியின் முகம் போகிற போக்கு தனிக்கதை. போதகர் ஐயா தன் வேத ஆராய்ச்சிக் கையேட்டில் தானே கையெழுத்துப் போட்டு முடிப்பார். சந்தேகம் கேட்டால் ஓரத்தில் ஒரு வசன எண் எழுதித் தருவார்.

பங்குத்தந்தையான ஃபாதரும் போதகர் ஐயாவும் ஒருநாள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். பேச்சு, கடவுள் மனிதனை நீதிமானாக ஏற்பது விசுவாசத்தாலா, கிரியை என்கிற நற்செயலாலா என்பதற்குப் போயிற்று. விசுவாசத்தால்தான் என்று ஐயா ரோமர் 3:28ஐ எடுத்தார், கிரியையும் வேண்டும் என்று ஃபாதர் யாக்கோபு 2:24ஐ எடுத்தார். டீ ஆறிப்போனது. "1999 அக்டோபர் 31லயே ஆக்ஸ்பர்க்ல வத்திக்கானும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், அடிப்படையில ஒத்துப்போறோம்னு கையெழுத்துப் போட்டாச்சே ஐயா" என்றார் ஃபாதர்.

"போட்டது லூத்தரன்காரங்க. நம்ம சி.எஸ்.ஐ.ல யார் போட்டா?"

நியாயமான கேள்வி. வேதத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு என்பதில்தான் வழக்கே நிற்கிறது. தாய்த் திருச்சபை கொண்ட கருத்துக்கு மாறாக வேதத்துக்குப் பொருள் கூறக்கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1546இல் தீர்மானித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை; ஆனால் ஆசிரியம், அதாவது திருச்சபையின் போதிக்கும் அதிகாரம், இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணிபுரிவது என்று சேர்த்துச் சொன்னது. ஃபாதருக்கு இந்த வரி மனப்பாடம்.

"மேல இல்லைன்னா சரி. சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார் ஐயா.

ஆனால் திடப்படுத்தல் பாடம் மட்டும் ஐயாவின் கையெழுத்தோடு முடிந்துவிடாது, ஒரு குழு பார்க்க வேண்டும். அன்று அந்தக் கட்டு சிவப்பு மைத் திருத்தங்களோடு என் மேசையில் கிடந்தது. ஃபாதர் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களுக்கும் ஆயர் இல்லம் இருக்கு ஐயா. பேரு கமிட்டி."

"இருக்கட்டும் ஃபாதர். கமிட்டி தப்புப் பண்ணும்னு நாங்க ஒத்துக்குவோம்."