டாவ்ஸ் திட்டமும் என் அரியர் தாளும்

முதுகலை வரலாற்றில் மிச்சமிருந்த ஒரே அரியரான இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாற்றுத் தாளில், மூன்றாவது முயற்சியில், 61 மதிப்பெண் பெற்றுச் சென்ற வாரம் தேறிவிட்டேன். போன முறை பணம் கட்டி வாங்கிய விடைத்தாள் நகலில், “டாவ்ஸ் திட்டம் ஜெர்மனியின் இழப்பீட்டைக் குறைத்துப் பணவீக்கத்தை நிறுத்தியது” என்ற என் வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள் இருந்தன. முதல் உலகப் போருக்காக ஜெர்மனி கட்ட வேண்டிய இழப்பீட்டை எப்படிச் செலுத்துவது என்று வகுத்த 1924-ஆம் ஆண்டுத் திட்டம் அது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள்.

பணவீக்கத்தை நிறுத்தியது, நிலத்தையும் தொழிற்சாலைகளையும் அடைமானமாகக் காட்டி 1923 நவம்பர் 15 அன்று வெளியிடப்பட்ட ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம். ஒரு லட்சம் கோடி காகித மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க். டாவ்ஸ் குழுவின் அறிக்கை வந்ததோ 1924 ஏப்ரலில். 1921-இல் லண்டனில் விதிக்கப்பட்ட மொத்த இழப்பீடான 13,200 கோடி தங்க மார்க்கிலும் அக்குழு கை வைக்கவில்லை. ஆண்டுத் தவணையைத்தான் முதல் ஆண்டில் 100 கோடியாகவும், படிப்படியாக ஏற்றி ஐந்தாம் ஆண்டில் 250 கோடியாகவும் அமைத்தது. அந்த முதல் 100 கோடியிலும் 80 கோடி வெளிநாட்டில் திரட்டிய கடன்!

தேர்வுக் கையேடுகள் ஜெர்மனிக்குக் கிடைத்த அமெரிக்கக் கடனைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. என்னைக் கரையேற்றியது வேறொன்று: வசூல் வேறு, அனுப்புதல் வேறு. தவணைகளைப் பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்ட இழப்பீட்டு முகவரின் கணக்கில் மார்க்காகச் செலுத்தியதோடு ஜெர்மனியின் கடமை முடிந்தது. மார்க்கின் மதிப்பு சரியாமல் அதை வெளிநாட்டு நாணயமாக மாற்றி அனுப்பும் பொறுப்பு, முகவர் பார்க்கர் கில்பர்ட் தலைமையிலான குழுவுடையது. இந்த ஒரு வேறுபாட்டை எழுதினால் பாதி விடை வந்துவிடும் என்பேன்.

எழுதப் போகிறவர்களுக்கு:

- பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் தொழில் பகுதியை ஆக்கிரமித்த 1923 ஜனவரியிலிருந்து, டாவ்ஸ் திட்டம் நடைமுறைக்கு வந்த 1924 செப்டம்பர் 1 வரை தேதிகளை ஒரே தாளில் மேலிருந்து கீழாக வரிசையாக எழுதுங்கள்.
- பணம் வந்த வழிகள்: ரயில்வே பத்திரங்கள், தொழில்துறைப் பத்திரங்கள், போக்குவரத்து வரி, அரசின் வரவுசெலவுத் திட்டம்.
- டாவ்ஸ் திட்டத்துக்கு மாற்றாக 1929-இல் வகுக்கப்பட்ட யங் திட்டத்துக்கு மூன்று வரி போதும். தொகை குறைந்தது அங்கேதான். தவணை 1988 வரை.
- மாதிரித் தேர்வு நான் எழுதவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாலே கை வியர்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு, விடையை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதே போதும்.

இம்முறை தேர்வறையில் விடையைத் தொடங்கும் முன்பே, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தேதிகளை எழுதிக்கொண்டேன். நகலுக்கு விண்ணப்பிக்கவில்லை, அந்தக் கட்டணம் மிச்சம்.