எலும்புக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

இலங்கையின் வடக்கே வன்னியில் எலும்பு முறிவு நோயாளிகள் பருவத்தோடு வருவார்கள். பாலைப்பழக் காலத்தில் மரத்தால் விழுந்த பிள்ளைகள், அறுவடை தொடங்கினால் உழவு இயந்திரத்திலும் சூட்டடிக்கும் மெசினிலும் மாட்டுப்பட்ட கைகள். ஏ9 வீதியில் இரவு படுத்திருக்கும் மாட்டில் மோட்டார் சைக்கிளோடு மோதி வருகிறவர்களுக்கு மட்டும் பருவம் கிடையாது.

எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் ஆஸ்பத்திரி எங்களுக்குத் தூரம். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கும் வந்த பிறகு ஆட்கள் எங்களிடம் வந்து சேர்வது சுலபமாகிவிட்டது. ஆனாலும் அந்த முதல் ஒரு மணித்தியாலத்தில் சின்ன ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறோம் என்பதுதான் ஒரு காலையோ கையையோ தீர்மானிக்கிறது. முறிவு நோயாளியை "மேலே அனுப்புகிற கேஸ்" என்று மட்டும் பார்க்கிற பழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பது அதனால்தான்.

கோணலாய்க் கிடக்கும் கால்தான் எல்லோர் கண்ணையும் இழுக்கும். மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் இந்த மூன்றும் முடியும் வரை அந்தக் காலைப் பார்க்காதே என்று புதிதாக வரும் டொக்டர்மாருக்குச் சொல்வேன். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டு இரத்தம் வராமலே ஒன்றிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை உள்ளே போய்விடும். இடுப்பு வளையம் உடைந்தால் அதைவிடக் கூட. இளம் பெடியனுக்கு இரத்த அழுத்தம் கடைசி வரை நன்றாகத்தான் காட்டும். வேகமான நாடியும் குளிர்ந்த கையுமே முதலில் காட்டிக்கொடுக்கும். இடுப்பு முறிவென்று சந்தேகம் வந்தால் கட்டில் விரிப்பை மடித்து இறுக்கிக் கட்டுகிறோம். அதை வயிற்றில் கட்டிப் பயனில்லை, தொடை தொடங்கும் இடத்தில் புடைத்து நிற்கும் எலும்பின் மேல் கட்ட வேண்டும்.

என்னை அதிகம் பயப்படுத்துவது பெரிய முறிவுகளை விடப் பிள்ளைகளின் முழங்கை. நீட்டிய கையில் விழும்போது மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே உடைகிறது. இரத்தக் குழாயும் நரம்புகளும் அதை உரசிக்கொண்டு போகின்றன. நாடி இருக்கிறதா, விரல் சூடாக இருக்கிறதா, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டம் போடுகிறானா என்று எக்ஸ்ரேக்கு அனுப்ப முன்னமே பார்த்து, பார்த்த நேரத்தோடு எழுத வேண்டும். அழுகிற பிள்ளையிடம் இதைச் செய்விக்கப் பொறுமை வேண்டும். நான் முதலில் என் விரலால் வட்டம் போட்டுக் காட்டுவேன்.

ஒருமுறை ஒரு தாய் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் நாள் விழுந்து, எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியம் செய்யும் முறிவு நெரிவு வைத்தியரிடம் புக்கை (மருந்துப் பற்று வைத்த கட்டு) கட்டியிருந்தார்கள். இரவு முழுக்க அலறியிருக்கிறான். விரலை மெல்ல நிமிர்த்தியதும் துடித்துப் போனான். கட்டை அடி முதல் நுனி வரை வெட்டித் திறந்தோம். தகப்பன் கேட்டார்: "டொக்டர், நாடி அடிக்குதெல்லோ, பிறகேன் அவசரமா அனுப்புறியள்?" நியாயமான கேள்வி. தசை வீங்கி அதன் உறைக்குள் அழுத்தம் ஏறும்போது சிறு குழாய்கள்தான் முதலில் அடைபடுகின்றன. பெரிய குழாயில் நாடி அடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். காயத்துக்கு மிஞ்சிய வலியும் விரலை நிமிர்த்தும்போது வரும் வலியுமே அதன் அறிகுறி. ஆறு மணித்தியாலம் கடந்தால் தசை திரும்புவது கடினம். இறுகிய கட்டுக்குப் பிறகு சுருங்கி மடங்கிப்போகும் கையைப் பற்றி ஃபொல்க்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1881இலேயே எழுதிவிட்டார். தகப்பனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை, "நாடி போகுமட்டும் காத்திருந்தா கை போயிடும் அண்ணை" என்றேன். உடனே வண்டியில் ஏறினார்.

புக்கை கட்டும் வைத்தியர்களை ஏசிப் பயனில்லை. ஆஸ்பத்திரியே எட்டாத காலங்களில் சனத்துக்கு அவர்கள்தான் இருந்தார்கள். எங்கள் பகுதியில் கட்டுகிற ஒரு ஐயாவிடம் நேரே போய், விரல் நீலம் பாய்ந்தால், மரத்தால், வலி கூடினால் அவிழ்த்துவிட்டு அனுப்புங்கோ என்று கேட்டுக்கொண்டேன். இப்போது அனுப்புகிறார்.

சீவல் தொழிலாளி பனையால் விழுந்து குதிக்கால் நோகுது என்று வந்தால் முதுகையும் பார்த்தே ஆக வேண்டும். குதி எலும்பு உடைந்தவர்களில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒருவருக்கு முதுகெலும்பும் உடைந்திருக்கும். குதியின் வலி அதை மறைத்துவிடும். வயல் சேறு அப்பிய திறந்த முறிவென்றால் அன்ரிபயோட்டிக்கை ஒரு மணித்தியாலத்துக்குள் நாங்களே ஏற்ற வேண்டும், போகிற இடத்தில் போடட்டும் என்று விடக்கூடாது. ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி, சேலைனில் நனைத்த துணி, மட்டை கட்டு. காயத்தை ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டால் வழியில் ஆளாளுக்குத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

வேறெங்கும் படித்த டொக்டர் இங்கே வந்து புதிதாகப் பழக வேண்டிய ஒன்று உண்டு. எக்ஸ்ரேயைப் பிடித்தால் புது முறிவுக்குப் பக்கத்தில் போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டு வெள்ளையாய் நிற்கும். எப்ப பட்டது என்று கேட்டால் ஒரு அம்மா "மாத்தளன்" என்று மட்டும் சொன்னார். 2009இல் போரின் கடைசி மாதங்களில் சனம் அடைபட்டுக் கிடந்த கடற்கரை அது. நான் மேலே கேட்கவில்லை. ஆனால் பாதத்தைத் தூக்க முடியாமல் இருப்பது அந்தக் காலத்திலிருந்தா, இன்றைய விபத்தாலா என்பதை மட்டும் கேட்டே ஆக வேண்டும். கடிதத்தில் அது தெளிவாக இல்லாவிட்டால் பழைய நரம்புக் காயத்தைப் புதிதென்று நினைத்து முடிவெடுத்துவிடுவார்கள். புதியதைப் பழையதென்று விட்டுவிடுவது இன்னும் மோசம்.

ஒரு கால் ஏற்கெனவே போனவருக்கு மற்றக் கால் முறிந்தால் பாடப்புத்தகக் கணக்கு சரிவராது. பொய்க்காலோடு மோட்டார் சைக்கிள் ஓடிக் கடை நடத்தும் ஒருவருக்கு நல்ல காலின் கீழ்க்கால் எலும்பு முறிந்தது. விலகல் அதிகமில்லை, பிளாஸ்டர் போட்டு ஆறு கிழமை ஊன்றாமல் வைத்திருக்கலாம் என்பது வழமையான வழி. எதை ஊன்றி அவர் எழும்புவது? நிபுணருக்குத் தொலைபேசியில் எடுத்து முறிவைச் சொல்ல முன்னம் பொய்க்காலைச் சொன்னேன். எலும்புக்குள் ஆணி வைத்து நேரத்தோடு ஊன்ற விடுவோம் என்று முடிவானது. இப்போது கிளினிக்குக்கு ஊன்றுகோலோடு தானே நடந்து வருகிறார். மோட்டார் சைக்கிளை எப்போது எடுக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார், அடுத்த எக்ஸ்ரே பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.