பொறி வைக்கும் முன் ஓட்டையை அடைத்துவிடுங்கள்

எலித்தொல்லை என்றதும் பலரும் முதலில் தேடுவது விஷத்தைத்தான். அது கடைசியாக வர வேண்டியது. ரத்தம் உறையாமல் செய்யும் வகை விஷத்தைத் தின்ற எலி சாகச் சில நாட்கள் ஆகும். அதற்குள் சுவர் இடுக்கிலோ பரணிலோ போய்ச் செத்தால் நாற்றம் தாங்காது.

முதலில் புழுக்கையைப் பாருங்கள். அரிசி அளவில், முனை கூராக இருந்தால் சுண்டெலி. சுமார் ஒன்றரை செ.மீ. நீளத்தில், தடிமனாக இருந்தால் பெரிய எலி. சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளியே போதும், அதாவது பென்சில் நுழையும் ஓட்டை எல்லாமே அதற்கு வாசல்தான். சிங்க் அடியில் குழாய் சுவருக்குள் போகும் இடம், கதவின் அடிப்பக்கம், ஏசி பைப் துளை ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். துருப்பிடிக்காத கம்பி நாரை இறுக்கித் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். ஓட்டை அடைக்கும் ஸ்ப்ரே ஃபோமை (நுரை) மட்டும் அடித்தால் எலி கடித்துவிடும்.

அடித்துக் கொல்லும் பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். எலி சுவரோரமாகத்தான் ஓடும். இரை பட்டாணி அளவு போதும், அரைத்த வேர்க்கடலை நன்றாக ஒட்டும். அதிகம் வைத்தால் பொறி விழாமலே நக்கிவிட்டுப் போய்விடும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டு ஒதுங்கும் என்பதால், சில நாள் பொறியை விசையேற்றாமல் இரையோடு விட்டுவைத்துப் பழக்குங்கள்.

புழுக்கையைத் தயவுசெய்து உலர்ந்தபடி பெருக்காதீர்கள், கிருமி தூசியோடு பறக்கும். கையுறை போட்டு, 1 பங்கு திரவ ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, 5 நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.