ஷார்டொனே: ஒரே திராட்சை, எத்தனை முகம்!

வெள்ளை வைன் என்றால் எனக்கு முதலில் ஷார்டொனேதான். பிரான்சின் பர்கண்டி மண்ணில் பிறந்த திராட்சை. இதன் பெற்றோர் யாரென்று 1999-ல் மரபணு சோதனையில்தான் தெரிந்தது. ஒன்று, பேர்போன பினோ நுவார். மற்றது குவே பிளாங்க், மட்டமானது என்று யாரும் மதிக்காத திராட்சை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இதன்மேல் பாசம் கூடிவிட்டது.

என் உயிர் பர்கண்டியின் ஷாப்லி ஊர் வைன்தான். புட்டியில் ஊர்ப் பெயர் மட்டும்தான் இருக்கும். உள்ளே இருப்பது முழுக்க ஷார்டொனே. அந்த ஊர்ச் சுண்ணாம்பு மண்ணைக் கிளறினால் நகக்கண் அளவு சிப்பிகள் கல்லாகிக் கிடக்கும். 15 கோடி வருடத்துக்கு முன்னால் அங்கே கடல்! ஏப்ரலில் உறைபனி விழும் இரவுகளில் துளிர் கருகாமல் இருக்க, கொடி வரிசைகளுக்கு நடுவே மெழுகு டப்பாக்களை ஏற்றிவைத்து விடிய விடியக் காவல் இருப்பார்கள்.

கலிபோர்னியா ஷார்டொனேயில் பெரும்பாலும் வெண்ணெய் வாசம் தூக்கலாக இருக்கும். பச்சை ஆப்பிளில் உள்ள புளிப்பை, தயிரில் உள்ள மென்மையான புளிப்பாகப் பாக்டீரியா மாற்றும்போது வருவது அது. வனிலா மணம் ஓக் பீப்பாய் தருவது. 1976-ல் பாரிஸில் பெயரை மறைத்து வைத்த சுவைப் போட்டியில், பிரெஞ்சு நடுவர்களே வெள்ளை வைனில் முதலிடம் கொடுத்தது கலிபோர்னியாவின் ஷாட்டோ மான்டெலினா 1973 ஷார்டொனேக்கு!

ஒரே ஒரு வேண்டுகோள். ஐஸ் மாதிரிக் குளிரவைத்துக் குடிக்காதீர்கள், மணமே எழாது. கால் மணி நேரம் முன்னாடியே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள்.